நாவலாசிரியரிடம் மேலாண்மைக் கட்டுரையைக் காட்டி என்ன பயன்? (யு.கே. மாஸ்டர்ஸ் / ராயல் லிட்டரரி ஃபண்ட் ஃபெல்லோ)

வைகைக்கரை
வணக்கம். இங்கிலாந்தில் எம்.எஸ்சி. மேனேஜ்மென்ட். 2500 சொல் கட்டுரைக்கு நூற்றுக்கு 54 மார்க் வந்திருக்கிறது. தலைப்பு: யு.கே. சூப்பர்மார்க்கெட்டுகள் தங்கள் சப்ளையர்கள் மீது செலுத்தும் அதிகாரத்தைச் சட்டம் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தியிருக்கிறது? ஃபீட்பேக்கில் மூன்றே வரி: 'டூ டிஸ்கிரிப்டிவ். ஆர்க்யுமென்ட் அன்கிளியர். மோர் கிரிட்டிக்கல் என்கேஜ்மென்ட் நீடட்.' (வெறும் விவரிப்பு அதிகம், வாதம் தெளிவில்லை, இன்னும் ஆழமாக எடைபோட வேண்டும் என்கிறார்கள்.) பல்கலைக்கழக இணையதளத்தில் ராயல் லிட்டரரி ஃபண்ட் ஃபெல்லோ என்று ஓர் எழுத்தாளரின் பெயர் போட்டு, நேரம் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறார்கள். அவர் நாவல் எழுதுபவர். என் பாடத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? போனால் எதை எடுத்துப் போக வேண்டும்?

ஒற்றைமேற்கோள்
தாராளமாகப் போங்கள், காசு கிடையாது. முதலில் ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ராயல் லிட்டரரி ஃபண்ட் என்ற அந்த நிதியம் 1790-ல் டேவிட் வில்லியம்ஸ் என்ற போதகர் தொடங்கியது. வறுமையில் விழுந்த எழுத்தாளர்களுக்குக் கைகொடுப்பதுதான் வேலை. கோல்ரிட்ஜ், ஜோசப் கான்ராட், டி.எச். லாரன்ஸ், ஜேம்ஸ் ஜாய்ஸ், டிலன் தாமஸ் எல்லாரும் அங்கே உதவி பெற்றவர்கள். எழுத்தாளர்கள் உயிலில் எழுதிவைத்த ராயல்டிதான் அதற்கு முக்கிய வருமானம். ஏ.ஏ. மில்ன் தன் 'வின்னி த பூ' கரடிப் பொம்மைக் கதைகளின் உரிமையில் ஒரு பங்கை எழுதிவைத்திருந்தார். 2001-ல் டிஸ்னி அந்த உரிமைகளை விலைக்கு வாங்கியபோது பெரிய தொகை கிடைத்தது.

பல்கலைக்கழகங்களுக்கு எழுத்தாளர்களை அனுப்பும் ஃபெல்லோஷிப் 1999-ல் தொடங்கியது. பாட நாட்களில் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் உட்காருவார்கள். ஒரு மாணவருக்குச் சுமார் ஒரு மணி நேரம், தனியாக. சம்பளம் கொடுப்பது நிதியம், உங்கள் டிபார்ட்மென்ட் அல்ல. அதனால் நீங்கள் போனதும் பேசியதும் லெக்சரர் காதுக்குப் போகாது. மார்க் போடவும் மாட்டார், மார்க் இவ்வளவு வரும் என்று கணித்துச் சொல்லவும் மாட்டார். எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இவர்கள் இல்லை, இருக்கும் இடத்திலும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, விடாதீர்கள்.

ஸ்பானர்
இலவசம் என்பதற்காகப் போய் என்ன கிடைக்கும்? பாடம் தெரியாதவரால் வாக்கியத்தைத்தான் திருத்த முடியும். அதற்கு கிராமர்லி மாதிரி இலக்கணம் திருத்தும் சாஃப்ட்வேர் போதுமே.

ஒற்றைமேற்கோள்
வாக்கியத்தைத் திருத்துவது அவர் வேலையே இல்லை, ஸ்பானர் ஜி. ப்ரூஃப் பார்க்க மாட்டார். பாடம் தெரியாததுதான் அங்கே வசதி. லெக்சரர் படிக்கும்போது நீங்கள் சொல்லாமல் விட்டதைத் தன் அறிவால் நிரப்பிக்கொண்டே போவார், கடைசியில் 'அன்கிளியர்' என்று மட்டும் எழுதுவார். எங்கே தெளிவில்லை என்று அவருக்கே சொல்லத் தெரியாது. எழுத்தாளரால் நிரப்ப முடியாது. மூன்றாம் பத்தியிலிருந்து நான்காம் பத்திக்கு ஏன் போகிறீர்கள் என்று நேராகக் கேட்பார். உங்களிடம் பதில் இருந்தால் அது கட்டுரையில் இல்லாத வாக்கியம், எழுதிச் சேருங்கள். பதில் இல்லையென்றால் அந்தப் பத்தி இருக்கும் இடம் தப்பு.

அரசடிச்சந்தி
தம்பி, கொண்டுபோக வேண்டியது நாலு சாமான். கேள்வித்தாள், முழு வாசகம் அப்படியே; உங்கட சுருக்கம் வேண்டாம். மார்க்கிங் கிரைட்டீரியா (எதுக்கு எவ்வளவு மார்க் எண்ட அளவுகோல்), மொடியூல் ஹாண்ட்புக்கில இருக்கும். முந்தின கட்டுரையும் அதுக்கு வந்த ஃபீட்பேக்கும். இப்ப எழுதிக்கொண்டிருக்கிற ட்ராஃப்ட். ட்ராஃப்ட்டை வேர்ட் ஃபைலாக முதலே அனுப்பச் சொன்னால் அனுப்புங்கோ. 2500 சொல்லையும் ஒரு மணித்தியாலத்தில ஆழமாப் பார்க்க ஏலாது. இன்ட்ரடக்ஷனும் நடுவில ரெண்டு பத்தியும் எண்டு குறிச்சுக் குடுத்தால் நேரம் மிச்சம்.

நாளைக்குச் சப்மிஷன் எண்டு இண்டைக்குப் போறதில பிரயோசனம் இல்லை. அமைப்பு பிழை எண்டு அவர் சொன்னால் திருத்த உங்களுக்கு நாலைஞ்சு நாளாவது வேணும். டெட்லைனுக்கு ஒரு கிழமைக்கு முன்னம், அரைகுறை ட்ராஃப்ட்டோட போறதுதான் நல்லது. முடிஞ்ச கட்டுரையில கை வைக்க மனமும் வராது.

செமஸ்டர் கடைசி மூண்டு கிழமையும் இடமே கிடைக்காது. இப்பவே புக் பண்ணுங்கோ.

வைகைக்கரை
நன்றி அண்ணா, பதிவு செய்துவிட்டேன். போவதற்கு முன் நானே பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா? என் நடுப்பத்தி ஒன்றின் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

'2010-ல் மளிகை விநியோக நடத்தை விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 100 கோடி பவுண்டுக்கு மேல் மளிகை விற்கும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். 2013-ல் இதை அமல்படுத்த ஒரு நடுவர் பதவி சட்டப்படி உருவாக்கப்பட்டது. விதியை மீறினால் யு.கே. விற்றுமுதலில் 1 சதவீதம் வரை நடுவர் அபராதம் விதிக்கலாம். 2016-ல் ஒரு பெரிய நிறுவனம் சப்ளையர்களுக்குப் பணம் தருவதைத் தாமதப்படுத்தி விதியை மீறியதாக நடுவர் அறிவித்தார்.'

பத்திபிரிப்பாள்
தகவல் எல்லாம் சரி. இதுதான் 'டிஸ்கிரிப்டிவ்'. ஐந்து வாக்கியமும் என்ன நடந்தது என்று சொல்கின்றன. கேள்வி 'எந்த அளவுக்கு' என்று கேட்கிறது. பத்தியில் அளவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

உங்கள் கையிலிருக்கும் அதே தகவலை விதிகளின் எல்லையோடு சேர்த்துப் பாருங்கள். இந்த விதித்தொகுப்பு சூப்பர்மார்க்கெட்டோடு நேரடியாக ஒப்பந்தம் போட்ட சப்ளையரைத்தான் காக்கிறது. பேக்கிங் கம்பெனிக்குக் காய்கறி கொடுக்கும் விவசாயி அதற்கு வெளியே. இன்னொன்று: 2016 முடிவில் அபராதம் போடவில்லை, ஏனென்றால் அந்த அதிகாரம் 2015-ல்தான் நடைமுறைக்கு வந்தது, மீறல் அதற்கு முந்தியது. இவை இரண்டும்தான் உங்கள் வாதம். இப்போது பத்தி இப்படி ஆகும்:

'சட்டம் சூப்பர்மார்க்கெட்டைக் கட்டுப்படுத்துவது அதன் நேரடி சப்ளையர் வரைக்கும்தான். 2010-ன் விதித்தொகுப்பு ஒப்பந்தம் உள்ளவரை மட்டுமே காப்பதால், விலைக்குறைப்பின் சுமையை இடைத்தரகர் விவசாயியின் மேல் தள்ளிவிடும்போது விவசாயிக்கு அந்த விதித்தொகுப்பின்கீழ் முறையிட இடமில்லை. நேரடி சப்ளையருக்கும்கூடத் தண்டனை அதிகாரம் தாமதமாகவே வந்தது: 2013-ல் நடுவர் வந்தார், அபராத அதிகாரமோ 2015-ல்தான். 2016-ல் மீறல் உறுதியானபோதும் அபராதம் இல்லாமல் போனது இதனால்தான். ஆகவே கட்டுப்பாடு இருக்கிறது, ஆனால் சங்கிலியின் முதல் கண்ணியோடு நின்றுவிடுகிறது.'

புதிதாகச் சேர்ந்தது இரண்டே தகவல். மற்றதெல்லாம் இடமாற்றம். முதல் வாக்கியம் இப்போது கேள்விக்குப் பதில் சொல்கிறது, நடுவில் உள்ளவை அதற்குச் சாட்சி, கடைசி வாக்கியம் மறுபடியும் கேள்விக்கு வருகிறது. 100 கோடி பவுண்டு, 1 சதவீதம் இரண்டும் வாதத்துக்குத் தேவைப்படவில்லை, போய்விட்டன. நிறைய தகவல் கொடுத்தால் மார்க் வரும் என்று பள்ளியில் பழகியதை இங்கே விட வேண்டும்.

ஸ்பானர்
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லேப் ரிப்போர்ட்டுக்கு இந்த வித்தை ஓடாது.

பத்திபிரிப்பாள்
மெத்தட் பகுதிக்கு ஓடாதுதான். அங்கே என்ன செய்தீர்கள் என்பதை நடந்த வரிசையில் சொன்னால் போதும். ஆனால் டிஸ்கஷன் பகுதியில் பெரும்பாலும் ரிசல்ட் பகுதியின் எண்களையே திரும்ப எழுதிவைக்கிறார்கள். அதுவும் இதே நோய். அந்த எண் ஏன் எதிர்பார்த்ததிலிருந்து விலகியது, எந்தப் பிழை எவ்வளவு விலக்கும், முடிவை எவ்வளவு நம்பலாம் என்று எழுத வேண்டிய இடம் அது.

வைகைக்கரை, போவதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது தலைகீழ் வரைவு. இதைச் செய்யச் சொல்லும் ஃபெல்லோக்கள் உண்டு. கட்டுரையை பிரிண்ட் எடுங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் 'இந்தப் பத்தி சொல்வது' என்று ஒரே வாக்கியம், 12 சொல்லுக்குள் எழுதுங்கள். பிறகு கட்டுரையை மூடிவிட்டு அந்த வாக்கியங்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள். ஒரு பத்திக்கு வாக்கியம் எழுதவே வரவில்லை என்றால் அதில் இரண்டு விஷயம் இருக்கிறது, பிரியுங்கள். இரண்டு பத்திக்கு ஒரே வாக்கியம் வந்தால் சேருங்கள். 'பற்றி' என்று முடிந்தால் (விதித்தொகுப்பைப் பற்றி, நடுவரைப் பற்றி) அந்தப் பத்தியில் வாதம் இல்லை. இந்த 'பற்றி' சோதனை அநேகமாகப் பொய்ப்பதில்லை. 2500 சொல்லுக்கு அரை மணி நேரம் போதும்.

மணிக்கூண்டு
சொல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2500-ல் இன்ட்ரோ 200 முதல் 250, கன்க்ளூஷன் 200 முதல் 250. மிச்சம் ஏறக்குறைய 2000. பத்திக்கு 200 என்றால் பத்துப் பத்தி. ஒரு முக்கிய வாதத்துக்கு இரண்டு மூன்று பத்தி தேவை, ஆக மூன்று வாதம், இழுத்தால் நான்கு. ஏழு வாதம் வைத்திருப்பவர்களின் கட்டுரை எப்போதும் மேலோட்டமாகத்தான் வரும், எழுத்துத் திறமை எவ்வளவு இருந்தாலும். பிளான் போடும்போதே நான்கைத் தூக்கிவிடுங்கள். 10 சதவீதம் கூடப் போகலாம் என்பது எல்லா இடத்திலும் செல்லாது, ரெஃபரன்ஸ் லிஸ்ட் சொல் கணக்கில் சேருமா என்பதும் மாறும். ஹாண்ட்புக்கைப் பாருங்கள்.

இன்ட்ரோவைக் கடைசியில் எழுதுங்கள். 'இன்றைய வேகமான உலகமயச் சூழலில்' என்று ஆரம்பிக்கும் முதல் மூன்று வாக்கியத்தை வெட்டினால் பெரும்பாலும் நான்காவதுதான் உண்மையான தொடக்கமாக இருக்கும். இன்ட்ரோவிலேயே முடிவைச் சொல்லிவிட வேண்டும்: 'கட்டுப்பாடு நேரடி சப்ளையர் வரைக்கும்தான் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.' கடைசிவரை மறைத்துவைத்து அவிழ்க்க இது துப்பறியும் கதை இல்லை. பீடிகையை முதலில் வைத்து முடிவைக் கடைசியில் தருவது நம் ஊர் மேடைப் பேச்சின் அழகு. இங்கே திருத்துபவர் முதல் பக்கத்திலேயே 'அன்கிளியர்' என்று எழுதிவிடுவார்.

வைகைக்கரை
'கிரிட்டிக்கல்' என்றால் எல்லாரையும் குறை சொல்ல வேண்டுமா? என் லிட்டரேச்சர் பகுதியில் (முந்தைய ஆய்வுகளைப் பேசும் பகுதி) ஒவ்வொரு பத்தியும் ஓர் ஆசிரியர் பெயரில் ஆரம்பிக்கிறது.

ஒற்றைமேற்கோள்
குறை சொல்வது இல்லை, எடை போடுவது. ஒவ்வொரு மூலத்திடமும் கேளுங்கள்: தரவு எந்த நாட்டில், எந்த ஆண்டில் எடுத்தது? எத்தனை பேரிடம்? நேர்காணலா, கணக்கா? ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்? இதோடு முரண்படுபவர் யார், இருவரும் ஒரே விஷயத்தைத்தான் அளந்தார்களா? என் கேள்விக்கு இது பொருந்துமா? இதில் ஒன்றிரண்டுக்காவது பதில் கட்டுரையில் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் எல்லா மூலத்துக்கும் எழுதினால் வேறு கட்டுரை ஆகிவிடும்.

ஆசிரியர் பெயரில் ஆரம்பிக்கும் பத்திகளை ஆளாளாகப் பிரிக்காமல் கருத்து வாரியாகப் பிரியுங்கள். ஒரே கருத்துக்கு மூன்று பேர் சாட்சி என்றால் கருத்து வாக்கியத்தின் தலையில், பெயர்கள் அடைப்புக்குறிக்குள். ஒருவர் பெயரை வாக்கியத்தின் முன்னால் வைப்பது, அவரோடு நீங்கள் விவாதிக்கப் போகும்போது மட்டும்.

குருவிக்கூடு
டர்னிட்டின்ல (கட்டுரைய மத்த மூலங்களோட ஒப்பிட்டுப் பாக்குற சாஃப்ட்வேர்) 31 சதவீதம் காட்டுது. எவ்வளவுக்குக் கீழ இருந்தா தப்பிக்கலாம்?

மணிக்கூண்டு
அப்படி ஒரு பாதுகாப்பான எண் கிடையாது. டர்னிட்டின் காட்டுவது ஒற்றுமை. அது திருட்டா இல்லையா என்று முடிவு செய்வது மனிதர். ரெஃபரன்ஸ் லிஸ்ட், கவர் ஷீட், ஒழுங்காக மேற்கோள் குறி போட்ட வரிகள் எல்லாம் சேர்ந்தே 31 ஆகலாம். வெறும் 8 சதவீதத்திலும் ஒரே மூலத்திலிருந்து வந்த ஒரு முழுப் பத்தி உட்கார்ந்திருக்கலாம். எண்ணை விடுங்கள், நிறம் தீட்டிய வரிகளைத் திறந்து பாருங்கள்.

நம் பிள்ளைகள் மாட்டுவது பெரும்பாலும் அப்பட்டமான காப்பியில் இல்லை. மூல வாக்கியத்தின் எலும்பை அப்படியே வைத்துக்கொண்டு நாலு சொல்லுக்கு மாற்றுச் சொல் போடுவதில். ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற ஆய்வாளர் இதற்கு 'பேட்ச்ரைட்டிங்' என்று பெயர் வைத்தார். மாணவர் மூலத்தை முழுக்கப் புரிந்துகொள்ளாதபோது இது நடக்கிறது என்பது அவர் பார்வை. விதி அதைப் பார்க்காது, பெரும்பாலான இடங்களில் பிளேஜியரிசம் கணக்கில்தான் வரும். வழி: படியுங்கள், மூலத்தை மூடுங்கள், அதன் கருத்தை இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள் (முதலில் தமிழில் எழுதினாலும் பரவாயில்லை), பிறகு திறந்து தகவல் சரியா என்று மட்டும் சரிபாருங்கள். பக்க எண்ணை அப்போதே குறித்துவிடுங்கள். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் பழைய வாக்கியம்தான் கைக்கு வரும்.

கட்டுரைசெவன்
பவுண்டு 60-க்கு டிஸ்டிங்ஷன் கேரண்டி, பிஎச்.டி. எழுத்தாளர்கள், வாட்ஸ்அப் [எண்ணை மட்டுறுத்துநர் நீக்கினார்]

மட்டுறுத்துநர்
மேலே உள்ள கணக்கு முடக்கப்பட்டது. படிப்பவர்கள் கவனத்துக்கு: மாணவருக்காகக் கட்டுரை எழுதிக் கொடுக்கும் சேவையைக் காசுக்கு நடத்துவதும் விளம்பரம் செய்வதும் இங்கிலாந்தில் 2022-ன் திறன்கள் மற்றும் 16-க்குப் பிந்தைய கல்விச் சட்டப்படி குற்றம். சட்டம் விற்பவரைப் பிடிக்கிறது. வாங்கும் மாணவரைப் பல்கலைக்கழகம் தன் விதிப்படி விசாரிக்கும், நீக்கவும் செய்யலாம். பல்கலைக்கழகம் நீக்கினால் ஸ்டூடன்ட் விசாவும் போகும்.

ஸ்பானர்
அப்படியானால் சாட்ஜிபிடி?

பத்திபிரிப்பாள்
பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், அசைன்மென்டுக்கு அசைன்மென்ட் மாறும். யு.கே.யின் முன்னணி ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரஸ்ஸல் குழுமம் 2023 ஜூலையில் பொதுக் கொள்கை வெளியிட்டது, தடை போடவில்லை. பொறுப்போடு பயன்படுத்தக் கற்றுக்கொடுப்போம் என்றது. உங்களைக் கட்டுப்படுத்துவது அசைன்மென்ட் தாளில் உள்ள வரிதான். எப்படியிருந்தாலும் வேர்ட் ஆன்லைனிலோ கூகுள் டாக்ஸிலோ எழுதுங்கள், வெர்ஷன் ஹிஸ்டரி தானாகச் சேரும். சந்தேகம் கிளம்பினால் கட்டுரை வளர்ந்த விதத்தைக் காட்ட அதைவிடச் சாட்சி இல்லை. வேறெங்கோ எழுதி மொத்தமாக ஒட்டினால் அந்த வரலாறு வெறுமையாக இருக்கும்.

அரசடிச்சந்தி
மொழிப் பிழையைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. ஃபெல்லோ பிழை திருத்தமாட்டார், ஆனால் ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் சுட்டிக் காட்டுவார். எங்கட ஆக்களிட்ட வழமையா வாறது: 'டிஸ்கஸ் அபவுட்' (அபவுட் வேண்டாம்), 'ரிசர்ச்சஸ்', 'எவிடன்ஸஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' (மூண்டுக்கும் பன்மை எழுதுறதில்லை), 'தி சேம்' எண்டதை 'அது' எண்ட அர்த்தத்தில போடுறது, 'ஆஸ் பெர்', 'கோப் அப் வித்'. இதெல்லாம் ஆபீஸ் கடிதத்தில இருந்து வந்தது. பிறகு 'தி' விடுபடுறது. எல்லாத்தையும் ஒரே தடவையில தேடாதேங்கோ. ஒரு வாசிப்பு 'தி'க்கு மட்டும், அடுத்த வாசிப்பு வினைச்சொல் காலத்துக்கு மட்டும்.

வாக்கியம் நீளம் எண்டால் வாய்விட்டு வாசியுங்கோ. மூச்சு வாங்கிற இடத்தில முற்றுப்புள்ளி வைக்கலாம். ஃபெல்லோக்கள் அனேகமா உங்களையே வாசிக்கச் சொல்லுவினம். எழுதாததை வாய் தானாச் சேர்த்து வாசிக்கும், பிழை அங்கதான் பிடிபடும். வெக்கப்படாதேங்கோ.

தாதிமலர்
நர்சிங் ரிஃப்ளெக்டிவ் கட்டுரைக்கும் (நம் அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதுவது) போகலாமா? கிப்ஸ் சைக்கிள், 1500 சொல்.

பத்திபிரிப்பாள்
போகலாம். கதை சொல்பவருக்குக் கதையை எங்கே நிறுத்துவது என்று தெரியும், உங்களுக்கு வேண்டியது அதுதான். 1988-ல் கிப்ஸ் கொடுத்த சுற்றில் ஆறு படி: விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம். கெடுவது எப்போதும் ஒரே இடத்தில்: வார்டில் நடந்ததைச் சொல்லியே 700 சொல் தீர்ந்துவிடும். விவரிப்புக்கு 200, உணர்வுக்கு 150, மதிப்பீட்டுக்கு 250, பகுப்பாய்வுக்கு 500, முடிவுக்கு 150, செயல்திட்டத்துக்கு 200. மிச்சம் 50-ல் ஒரு சிறு அறிமுகம். ஆய்வு மேற்கோள்கள் பகுப்பாய்வில்தான் வர வேண்டும். செயல்திட்டத்தில் 'இனி கவனமாக இருப்பேன்' என்று எழுதாதீர்கள். எந்தப் பயிற்சி, எந்தத் தேதிக்குள், யாருடைய மேற்பார்வையில் என்று எழுதுங்கள். நோயாளியின் பெயர், வார்டு, மருத்துவமனை எதுவும் கூடாது. எழுத்தாளரிடம் காட்டும் ட்ராஃப்ட்டிலும் கூடாது.

வைகைக்கரை
தலைகீழ் வரைவு போட்டுப் பார்த்தேன். பதினொரு பத்தியில் ஏழு 'பற்றி' என்று முடிகின்றன. அதைத்தான் ஃபெல்லோவிடம் எடுத்துப் போகப் போகிறேன். ஒரு மணி நேரத்தில் ஏழையும் பேச முடியுமா?

ஒற்றைமேற்கோள்
முடியாது. இரண்டை அவரோடு திருத்துங்கள், மீதி ஐந்தை அதே மாதிரி நீங்களே வீட்டில் திருத்துங்கள். கிளம்பும் முன் அடுத்த வாரம் இடம் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். ஒருவர் ஒரு செமஸ்டரில் எத்தனை தடவை வரலாம் என்பதை அந்தந்த ஃபெல்லோதான் முடிவு செய்வார். இரண்டாம் தடவை போகும்போது அதே கட்டுரையைக் கொண்டுபோகாதீர்கள், அடுத்த கட்டுரையின் பிளானைக் கொண்டுபோங்கள்.